சஃபெத்தில் ஓர் ஓய்வுநாள் மாலை

இஸ்ரேலின் கலிலேயா மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் சஃபெத் நகரை நானும் என் மனைவியும் அடைந்தபோது வெள்ளிக்கிழமை நண்பகல் கடந்திருந்தது. வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளை முன்னிட்டுக் கடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் பலருக்குப் புகலிடமான இவ்வூர், 16ஆம் நூற்றாண்டில் கபாலா என்னும் யூத மறைஞானத்தின் தலைமைப் பீடமாக விளங்கியது.

முதலில் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கினோம். மலைச்சரிவில் வானத்தை நினைவூட்டும் நீலம் பூசிய கல்லறை ஒன்றில், ‘அரி’ என்று போற்றப்படும் ஐசக் லூரியா துயில்கிறார். 1570இல் எகிப்திலிருந்து வந்தவர் 1572இல், 38ஆம் வயதில் மறைந்துவிட்டார். அவர் எழுதி வைத்தது மிகச் சொற்பம். ஹயீம் வித்தால் முதலிய சீடர்களின் ஏடுகளே அவருடைய போதனையைக் காத்தன. அவர் போதித்தது இது: எல்லையற்ற இறைவன் உலகுக்கு இடம் தரும்பொருட்டுத் தன்னைத் தானே சுருக்கிக்கொண்டான். அந்த வெளியில் பாய்ந்த ஒளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைந்தன. ஒளிப்பொறிகள் எங்கும் சிதறின. மனிதனின் ஒவ்வொரு நற்செயலும் வேண்டுதலும் ஒரு பொறியை மீட்டு மேலேற்றுகிறது. வீடும் ஊரும் இழந்து வந்தவர்களின் பிள்ளைகள், உடைவு படைப்பின் தொடக்கத்திலேயே நேர்ந்தது என்றும் அதைச் சீராக்கும் பணி தங்கள் கையில் இருக்கிறது என்றும் கேட்டபோது எத்தனை ஆறுதல் அடைந்திருப்பார்கள் என்று எண்ணியபடி, கல்லறை மேல் ஒரு சிறு கல்லை வைத்து வணங்கினேன்.

மாலையில் அரியின் பெயரால் அமைந்த, அஷ்கெனாசி எனப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குச் சென்றோம். 1837ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து 1857இல் மீண்டும் எழுப்பப்பட்ட கூடம் இது. அரி தம் சீடர்களுடன் வயல்வெளிக்குச் சென்று ஓய்வுநாளை மணமகளாக எதிர்கொண்ட இடம் இதுவே என்பது மரபு. மனைவி பெண்கள் பகுதிக்குப் போக, நான் பின்வரிசையில் நின்றேன். இவ்வூரில் வாழ்ந்த சலோமோன் அல்காபெட்ஸ் இயற்றிய, ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் ‘லெகா தோதி’ பாடல் எழுந்தது. அதன் முதல் எட்டுக் கண்ணிகளின் தலையெழுத்துகளைக் கூட்டினால் அவர் பெயரே வருகிறது. கபாலாவில் அந்த மணமகள், பத்து இறைநிலைகளில் கடைசியான ‘மல்கூத்’. தன் மக்களோடு தானும் நாடுகடந்து அலையும் ‘ஷெகினா’ என்னும் இறையுறைவு. ஓய்வுநாள் அவள் மணவறை புகும் பொழுது.

தெற்கே எருசலேமை நோக்கி நின்றிருந்த சபை, கடைசிக் கண்ணியில் ஒருசேர மேற்கே திரும்பியது. நானும் திரும்பினேன். பாட்டு அடங்க, எல்லோரும் இருபுறமும் தலைதாழ்த்தி அவளை வரவேற்றார்கள்.