பிரின்சிப்பே விமானம்: சாவோ தோமே குறிப்புகள்

மே 22

முதலில் பணம். கார்டை நம்பி இங்கே, ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் இருக்கும் இந்தத் தீவு நாட்டுக்கு, வரக் கூடாது. யூரோ நோட்டுதான் தெய்வம். ஒரு யூரோவுக்கு 24.5 தோப்ரா, கட்டிவைத்த விகிதம், அதில் பேரம் கிடையாது. சந்தையில் மீன்கார அம்மா முப்பதாயிரம் என்றதும் மீனைக் கீழே வைத்துவிட்டேன். பழைய கணக்கில் சொல்லியிருக்கிறார். 2018இல் மூன்று சைபரை வெட்டிவிட்டார்கள், அவர் இன்னும் வெட்டவில்லை. முப்பதுதான்.

மே 23

கோட்டை அருங்காட்சியகம். 1575இல் போர்ச்சுகீசியர் கட்டியது. வாசலில் அவர்களுடைய மாலுமிகள் மூவர் கல்லாக நிற்கிறார்கள். உள்ளே தோட்ட முதலாளிகளின் கட்டில், பீங்கான், சாமி சிலைகள் என்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் 1953 வந்தது. தோட்டக் கூலிக்குப் போக மாட்டோம் என்ற உள்ளூர்க்காரர்களைப் பிப்ரவரி மாதத்தில் கவர்னரின் ஆட்கள் வேட்டையாடியிருக்கிறார்கள். பத்தேப்பா படுகொலை. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. பிப்ரவரி 3 இங்கே அரசு விடுமுறை.

அந்த அறையில் இருந்துவிட்டு வந்தபின் பீங்கானைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மே 24

அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம். தம்பி ஒரு வரி அனுப்பியிருக்கிறான்.

மே 25

மழை இல்லை. இங்கே கிராவானா என்கிறார்கள், வறண்ட பருவம். அதற்காக வெயில் அடிக்கும் என்று அர்த்தமில்லை, நாள் முழுக்க மூட்டமாகவே கிடக்கிறது.

எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: கடற்கரைக்கா வந்தீர்கள்? இல்லை. எடிங்டனுக்காக வந்தேன். 1919 மே 29 அன்று பிரின்சிப்பே தீவில், சுண்டி என்ற தோட்டத்தில் நின்று சூரிய கிரகணத்தைப் படம் பிடித்த ஆங்கிலேய வானியலாளர். நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறது, ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று உலகுக்குச் சொன்னவர்.

அதே மனிதர்தான் 1935 ஜனவரியில், லண்டனில், நிறைந்த சபையில் நம் சந்திரசேகரை மட்டம் தட்டினார். பையனுக்கு அப்போது 24 வயது. சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் வெண்குள்ளன், அதாவது எரிந்து தீர்ந்த நட்சத்திரம், தாங்காது, சுருங்கிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அபத்தம் என்றார் பெரியவர். சபை சிரித்தது. நோபல் வர 1983 ஆனது.

அப்பாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்தும்போதெல்லாம் எடிங்டனைத் திட்டாமல் மணி அடித்ததில்லை. நான் கிளம்பும்போது படுத்தபடியே, "போய் அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா" என்றார்.

மே 27

விமானம் போகவில்லை.

காரணம் கேட்டேன். கவுண்ட்டர் பெண் சிரித்தாள். நாளைக்கா? தோளைக் குலுக்கினாள். இரண்டு தீவுகளுக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் கடல். சின்ன விமானம், அரை மணிக்குச் சற்று மேல். நாட்டின் பாதிப் பெயரே பிரின்சிப்பே, ஆனால் அங்கே போவது இந்தப் பாடு. படகில் போகலாமே என்றான் டாக்சிக்காரன். 2019 ஏப்ரலில் அப்படிப் போன கப்பல் ஒன்று பிரின்சிப்பே அருகே கவிழ்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வேண்டாம் சாமி.

29ஆம் தேதி அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாதமே வந்தேன். அப்பாவுக்குப் போட்டோ அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். இருக்கிற வேலையெல்லாம் இருக்க இந்த நேரத்தில் ஊர் சுற்றப் போனாயா என்று அத்தை கேட்டது காதிலேயே நிற்கிறது. போகச் சொன்னதே அப்பாதான், அத்தை.

மே 28

மஞ்சள் ஷேர் டாக்சி. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். மோன்த்தே கஃபே வரை போய்வந்தேன், மலைமேல் காபித் தோட்டம். வழியில் ஒரு சிறுவன் கொக்கோ காயைக் கல்லில் அடித்து உடைத்துக் கொடுத்தான். உள்ளே வெள்ளைச் சதை, சீத்தாப்பழம் மாதிரி கொட்டையைச் சுற்றி வழவழவென்று. புளிப்பும் இனிப்பும். சாக்லேட் வாசனை மருந்துக்கும் இல்லை. கொட்டையைக் கடித்தால் பச்சைக் கசப்பு. புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்தால்தான் நாம் அறிந்த ருசி வரும். விரலெல்லாம் பிசுபிசுப்பு.

விமானம் இல்லை.

மே 29

மதியம் 2:13. பிரின்சிப்பேயில் முழு கிரகணம் தொடங்கிய நேரம் இதுதான், 302 விநாடி. நான் தலைநகரின் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று பார்த்து வானம் பளிச்சென்று இருக்கிறது.

எடிங்டனுக்கு அப்படி இல்லை. காலையில் இடி மழை. ஒன்றரை மணிக்குமேல்தான் மேகத்துக்குள் சூரியன் தெரிந்தது. வருவது வரட்டும் என்று படம் பதியும் கண்ணாடித் தட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தார், பதினாறு படம். கிரகணத்தையே அவர் சரியாகப் பார்க்கவில்லை: தொடங்கியதா என்று ஒரு தடவை, மேகம் எவ்வளவு என்று நடுவில் ஒரு தடவை, அவ்வளவுதான். நட்சத்திரம் தேறிய தட்டுகள் சொற்பம். பிரேசிலில் சோப்ரால் ஊருக்குப் போன குழுவுக்குத்தான் நல்ல படங்கள் கிடைத்தன.

கோபம் கொஞ்சம் குறைகிறது. அப்பாவிடம் சொல்லப் போவதில்லை.

மே 30

போனது! காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள், பல்கூடத் தேய்க்கவில்லை.

சுண்டி இப்போது ஹோட்டல். பெரிய வீடு, வராந்தா, அருகே நினைவுப் பலகை. படம் எடுத்து அனுப்பினேன். பலகையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அடிமை முறையை ஒழித்தபின் அங்கோலாவிலிருந்தும் கேப் வெர்தேயிலிருந்தும் ஒப்பந்தம் என்ற பெயரில் கொண்டுவரப்பட்டவர்கள். எடிங்டன் குழுவின் அறிக்கையில் ஒரு வரி உண்டு: சாமான்கள் பெரும்பாலும் டிராமில் வந்தன, இடையில் சுமார் ஒரு கிலோமீட்டர் காட்டுவழி உள்ளூர் ஆட்கள் சுமந்தார்கள். உதவிக்கு வந்த காட்டிங்ஹாமின் பெயர் இருக்கிறது, தோட்ட முதலாளி கார்னெய்ரோவின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தக் கண்ணாடித் தட்டுப் பெட்டி ஒருவன் தோளிலிருந்து நழுவியிருந்தால்?

ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாரே அப்பா. கேட்டேன். சந்திரசேகரைப் பற்றி அல்ல.

மே 31

சுட்ட சீமைப்பலா, மீன், மறுபடியும் சீமைப்பலா. போட்டோவுக்குப் பதில் இல்லை, ஒற்றை டிக்.

ஜூன் 1

திரும்பும் விமானம் பற்றி யாருக்கும் தெரியவில்லை. எடிங்டனும் கப்பல் வேலைநிறுத்தம் வரும் என்று பயந்து ஜூன் 12ஆம் தேதியே பெட்டி கட்டிவிட்டார். தம்பியின் மிஸ்டு கால். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. மொட்டைமாடியில் சிக்னல் நன்றாக இருக்கும் என்கிறாள் ரிசப்ஷன் பெண், போய்ப் பார்க்கிறேன்