‘போல’ எங்கே என்று தேடிய 61 நாள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றும் வேலை. 26 வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினேன். தமிழில் 100க்கு 29. பேசுகிற மொழியிலேயே தோற்றது ரொம்ப உறுத்தியது.

அணிதான், அதாவது பாட்டில் உவமை மாதிரி வரும் அழகைச் சொல்லும் இலக்கணம்தான், என்னைக் கவிழ்த்தது. படித்த டுடோரியலில் ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். ஆனால் குறளைக் கொடுத்து ‘இது என்ன அணி’ என்று கேட்டால் கை நின்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு போகாது, ஐஸுக்கும் வேலை இல்லை. எங்கள் தெருவில் தமிழ் இலக்கியம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி சாயங்காலம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். துணைத்தேர்வுக்காக நானும் போய் உட்கார்ந்தேன்.

தாளை வாங்கிப் பார்த்தாள். “இதை ஓரமா வைங்கண்ணா. சொல்ல வந்தது எது, அதுக்கு ஒப்பா காட்டுனது எது, ரெண்டையும் சேர்க்கிற சொல் எது? இந்த மூணை மட்டும் தேடுங்க.”

பொருள், உவமை, உவம உருபு. அவ்வளவுதான். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்ற குறளில் மூன்றும் இருக்கின்றன: தோண்டுபவரையே தாங்கும் நிலம், இகழ்பவரைப் பொறுக்கும் மனிதர், நடுவில் ‘போல’. அதனால் உவமையணி. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் எழுத்தும் உண்டு, உலகும் உண்டு, ‘போல’ மட்டும் இல்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அது எடுத்துக்காட்டு உவமையணி. நன்னூல் புரைய, கடுப்ப, அன்ன என்று 12 உருபுகளைச் சொல்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதுவரை ‘போல’ ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

உருவகத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். சொல் இடம் மாறினால் அணியே மாறிவிடுகிறது!

அப்புறம் இந்தக் குறள் வந்தது:

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து

பெரிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது. சரி, சொல்ல வந்தது எங்கே? எவ்வளவு தேடியும் இல்லை. “அதிகாரம் என்னண்ணா?” என்று கேட்டாள். பார்த்தேன். இடனறிதல்.

அந்த வாரம் முழுக்க, பழுது பார்க்கக் கரையேற்றிய விசைப்படகைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன். அலையைக் கிழித்துப் போகிற படகு தரையில் கட்டைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிறது. பலம் அதேதான், இடம்தான் வேறு. உவமையை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளை நம்மிடம் விட்டுவிடுவதுதான் பிறிதுமொழிதல் அணி. வள்ளுவர் மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கோ மனிதர்கள்தான் தெரிந்தார்கள். அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் மார்க்கில் வராதது.

‘பீலிபெய் சாகாடும்’ குறளை நானே கண்டுபிடித்தேன். மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அதிகாரம் வலியறிதல். மீன்பாடி வண்டியில் பாரம் ஏற்றியவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேர்வில் அணி விளக்கம், சான்று, பொருத்தம் என்று பிரித்து எழுதினேன். பொருத்தத்தில் அந்த மூன்றையும் தனித்தனி வரியில் வைத்தேன், எது மறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து. இந்த முறை 63.

ஒரே தொடர் இரண்டு பொருள் தரும் சிலேடை மட்டும் இன்னும் சட்டென்று பிடிபடவில்லை. லோடு இல்லாத சாயங்காலங்களில் தங்கச்சியிடம் போய்க்கொண்டிருக்கிறேன்.