இறக்கத்தில் பார்த்து வாங்கிய கார்

கோயம்புத்தூரில் பத்து வருஷம் ஓடிய ஆல்டோவுக்கு யாரும் பெரிய விலை சொல்ல மாட்டார்கள். இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அதே வண்டிக்கு இங்கே கேட்ட விலையை இந்திய ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் புதுசே வாங்கிவிடலாம் போலிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி வழிவிட்டது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை நாட்டுக்குள் கிடந்த வண்டிகளேதான் கைமாறிக்கொண்டிருந்தன. இப்போது இறக்குமதி இருந்தாலும் வரி அதிகம். ஆசிரியர் சம்பளத்தில் ஓடும் எங்கள் வீட்டுக்குப் புது வண்டி எட்டாது. வாங்கின விலைக்கு மேலேயே விற்றேன் என்று பெருமை பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே வேகன் ஆர் என்றால் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி வண்டி. நம் ஊரில் ஓடும் ஒரு லிட்டர் எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து பேரோடு ஏற்றம் ஏறினால் ஏமாற்றம்தான். ஆல்டோவில் இந்தியன் ஆல்டோ, ஜப்பான் ஆல்டோ என்று பிரித்தே பேசுவார்கள். ஜப்பான் வண்டி உள்ளே சொகுசு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அதன் சிவிடி என்கிற ஆட்டோ கியர்பெட்டிக்கு அதற்கென்று உள்ள ஒயில்தான் ஊற்ற வேண்டும். முந்தின சொந்தக்காரர் கையில் கிடைத்ததை ஊற்றி ஓட்டியிருந்தால், அந்தச் செலவு நம் தலையில் விடியும். இந்தியன் ஆல்டோவின் தகரம் மெலிசு, கதவைச் சாத்தும் சத்தத்திலேயே தெரியும். இருந்தாலும் ஹட்டனில் எந்தக் கராஜிலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரியும். இங்கே இல்லாத பார்ட்ஸைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்துவிடலாம். என் கணவருக்கு வேகன் ஆர் ஆசை. மாமாவுக்கு வேன் ஆசை, குடும்பத்தோடு கோவில் குளம் போகலாமாம்.

வண்டி பார்க்கக் கூட வந்தவர் மாமாவுக்குப் பழக்கமான கராஜ் பாஸ். மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ‘ஏறுறதை எல்லாரும் பார்ப்பாங்க தங்கச்சி, இறங்குறதைப் பாருங்க’ என்றார். அவர் வழக்கமாகச் சோதிக்கும் பாதை ஹட்டனிலிருந்து வட்டவளை வழியாகக் கினிகத்தேனை வரை. வளைவும் இறக்கமுமாக ஓடும் அந்தப் பாதையில், மழை இல்லாத நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒரு வேகன் ஆர் மேலே பார்க்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. கினிகத்தேனை போய்ச் சேர்வதற்குள் முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. பாஸ் பிரேக்கை மிதித்துக் காட்டினார். பெடல் பஞ்சில் கால் வைத்ததுபோல் அமுங்கிப் போனது. பிரேக் ஒயில் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழசாகிவிட்டால் இறக்கத்தின் சூட்டில் அந்த ஈரம் கொதித்துக் குமிழ் கட்டிவிடும், மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. விற்க வந்தவர், மலையில் எல்லா வண்டியும் இப்படித்தான் என்றார். ஒயிலை மாற்றி, கியரைத் தாழ்த்தி இறங்குகிற வண்டி அப்படிச் செய்யாது என்று பாஸ் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். நானுஓயா பக்கம் ரதல்ல குறுக்கு வீதி என்றாலே இங்கே சின்னப் பிள்ளைக்கும் பயம். 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் செத்தார்கள். அதனால் ஆட்டோ கியர் வண்டி வாங்குகிறவர்கள் கியர்க்கம்பியில் இறக்கத்துக்கான எல் (L) அல்லது பி (B) என்று இருக்கிறதா, அதைப் போட்டால் வண்டி உண்மையில் இழுத்துப் பிடிக்கிறதா என்று ஓட்டியே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கம்பளைப் பக்கத்திலிருந்து வந்த கார், விலையும் தோதாக இருந்தது. பாஸ் எஞ்சினைத் திறக்கவே இல்லை. பின்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரியும் பாகம் கறுப்பாக இருக்க, உள்ளே சுருண்டிருந்த துணியில் காவி நிறத்தில் ஒரு கோடு. ஸ்பேர் டயரைத் தூக்கினால் அடியில் மகாவலி ஆற்று வண்டல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளில் இதுவும் ஒன்று. வயரிங் எப்போது மக்கர் பண்ணும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

பத்திரம் பற்றிச் சுருக்கமாக: பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், கடன் கட்டி முடித்த கடிதத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ‘ஓப்பன் பேப்பரில் தாறேன், பெயர் பிறகு மாத்திக்கலாம்’ என்று, வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தை நீட்டுபவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

கடைசியில் வாங்கியது இந்தியன் ஆல்டோதான். பார்க்கப் போகும்போது எஞ்சின் மூடி ஜில்லென்று இருந்தது, அதுவே பாதி நிம்மதி. முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி காலைக் குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று காட்டாது. ஏற்றத்தில் நிறுத்திக் கைபிரேக் போட்டோம், நகரவில்லை. கினிகத்தேனை வரை இறங்கியும் வாடை இல்லை. டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் 1917 என்று அச்சிட்டிருந்தது. அதாவது 2017இன் 19ஆவது வாரத்தில் செய்தது. நான்கையும் மாற்றுகிற காசைக் கழித்துத்தான் விலை பேசினோம். கணவர் இப்போதும் வழியில் வேகன் ஆரைக் கண்டால் திரும்பிப் பார்க்கிறார். மாமா கூரைக்குக் கேரியர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.