பைபாஸில் இறக்கிவிட்டார்கள், சங்ககிரிக் கோட்டையைப் பார்த்தேன்

முதலில் அந்தக் கண்டக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் "சங்ககிரி, சங்ககிரி" என்று அவர் கூவியதை நம்பித்தான் ஏறினேன். டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார். கடைசியில், "ஊருக்குள்ள போகாதுங்க, பைபாஸ்லயே இறங்கிக்குங்க" என்று உச்சி வெயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே இருந்தது ஒரே ஒரு ஆட்டோ. மலை கண்ணெதிரே நிற்கிறது, இருநூறு ரூபாய் என்கிறார்.

"ஏனுங்ண்ணா, இந்தா தெரியுதுல்ல?"

"தெரியுதுல்ல, நடங்க."

நூற்றைம்பதுக்குப் படிந்தது. மொத்தப் பயணத்துக்கே ஐநூறுதான் எடுத்து வந்திருந்தேன்.

படியேறும்போது அந்தக் கோபம் போய்விட்டது. ஒரு வாசல் தாண்டினால் இன்னொரு வாசல், அப்புறம் இன்னொன்று. ஒரு வாசலின் கீழ்க்கல்லில் கதவு சுழன்ற குழி இருந்தது. விரலை விட்டேன், இரண்டு கணு உள்ளே போனது. உள்ளே ஒரு பீடித் துண்டு, நாலு எறும்பு. எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியிருந்தால் கல் இவ்வளவு வழவழப்பாகும்!

இந்தக் கோட்டை மைசூர் கையைவிட்டுப் போனதற்கு இங்கே நடந்த சண்டை காரணமில்லை. 1789 டிசம்பர் 29 அன்று, திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை மதிலைத் திப்பு தாக்கினார். டச்சுக்காரர்களிடமிருந்து திருவிதாங்கூர் விலைக்கு வாங்கிய இரண்டு கோட்டைகள் பற்றிய தகராறு அது. திருவிதாங்கூரோ கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், நட்பு நாடு. கும்பினிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஹைதராபாத் நிஜாமையும் மராட்டியரையும் சேர்த்துக்கொண்டு கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்துவிட்டார்.

1792 மார்ச்சில் ஒப்பந்தம். பாதி ராஜ்யம் போனது, அதில் பாரமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் சங்ககிரியும் அடக்கம். அதற்கு மேல் தண்டம் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், பாதி உடனே, மீதி தவணையில். கட்டி முடிக்கும்வரை திப்புவின் இரண்டு பிள்ளைகள் பிணை. நூற்றைம்பதுக்கு அழுதவன் நான், இதைப் படித்தபோது வாயடைத்துப் போனேன்.

1799இல் திப்புவின் அமைச்சர் மீர் சாதிக் காட்டிக்கொடுத்தார், அதனால்தான் மைசூர் விழுந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரி தரும் நிலத்தில் பாதியை இழந்தவன் எதை வைத்துப் படை வளர்ப்பான்? ஏழு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது. இங்கே ரீட் என்ற ராணுவ அதிகாரி கலெக்டராக வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முளைத்தது இந்தப் பக்கத்தில்தான். திப்புவின் கல்லாப்பெட்டி அப்படியே கும்பினியின் கல்லாப்பெட்டி ஆனது.

உச்சியில் பெருமாள் கோயில் ஓரமாக உட்கார்ந்து மேற்கே பார்த்தேன். அந்தத் திசையில்தான் காவிரி, மூட்டத்தில் தெரியவில்லை. 1792க்குப் பிறகு அக்கரை திப்புவுக்கு, இக்கரை கும்பினிக்கு. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழியில் மறித்துப் பிடுங்கியவர் என்று கொங்கு நாட்டில் கதை சொல்லும் தீரன் சின்னமலை, பிற்பாடு திப்பு பக்கமே நின்று வெள்ளையரோடு மோதினார். 1805இல் அவரைத் தூக்கிலிட்டதும் இதே சங்ககிரியில். அவர் நினைவு நாளான ஆடிப்பெருக்கன்று வந்தால் கூட்டம் நெரியும். நான் போன அன்று, என் பிஸ்கட் பாக்கெட்டைக் குறிவைத்த ஒரு குரங்கைத் தவிர யாருமில்லை.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், ஏறும் முன் "ஊருக்குள்ள போகுமா" என்று இரண்டு முறை கேளுங்கள். மற்ற விவரமெல்லாம் எழுத நினைத்தேன், ஆனால் அதைவிட முக்கியம் தட்டுவடை செட். சேலம் திரும்பியதும் தள்ளுவண்டியில் நின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், காரச் சட்னி. கடிக்கும்போது பாதி சட்டையில் கொட்டியது. மூன்று செட் சாப்பிட்டேன். மிச்சம் இருந்ததில் ஊர் திரும்ப டிக்கெட் போக ஒரு டீக்குக் காசு இருந்தது.