அம்மாவின் ஐந்து திங்கட்கிழமைகள்

ஏப்ரல் 7, திங்கள்

விடியற்காலை 4 மணிக்கே அம்மா தயார். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பழக்கம் 67 வயதிலும் விடவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ மருத்துவமனைக்குக் கிளம்பினோம். இன்று தொடங்கி 25 நாள் கதிர்வீச்சு, திங்கள்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று அம்மா இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தையிடம்கூட "அடிவயித்துல கட்டி" என்றுதான் சொன்னார்.

ஏப்ரல் 9, புதன்

போன வாரம் எதற்கு 2 பை இரத்தம் ஏற்றினார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சிதறி டி.என்.ஏ.வை அறுக்குமாம். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த அறுப்பு நிலைத்துவிடும், இல்லாவிட்டால் செல் அதை ஒட்டவைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட 3 மடங்கு கதிர் வேண்டும். 1953லேயே எல். எச். கிரேயும் அவரோடு இருந்தவர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். ஆக்சிஜனைக் கட்டிவரை சுமந்து போவது இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்; அம்மாவுக்கு அது குறைந்து 8.1 ஆக இருந்தது. எத்தனை வருடம் அந்தச் சோர்வை வயசு என்று நினைத்து விட்டுவிட்டோம்!

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றுச் சித்திரைப் புத்தாண்டு. மருந்து ஏற்றி வந்தவருக்கு இரவெல்லாம் வாந்தி, பாயசத்தைத் தொடவே இல்லை.

"மெஷின் போதாதா? மருந்து வேணாம்மா" என்றார்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் விடக்கூடாது. 1999இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஐந்து ஆய்வுகளைப் பார்த்து, கதிரோடு சிஸ்பிளாட்டின் சார்ந்த மருந்தும் சேர்ந்தால் இறக்கும் அபாயம் 30 முதல் 50 விழுக்காடு குறைகிறது என்று மருத்துவர்களுக்கு அறிவித்தது. வாரம் ஒருமுறை ஏற்றும் இந்த அளவுக்கு முக்கிய வேலை கதிருக்குத் துணை நிற்பதுதான். டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, கதிர் அறுத்ததைச் செல் சரிசெய்ய விடாது.

பொறுமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார்: "வெட்டுன பட்டை மறுபடி வளராம பாத்துக்குற மருந்தா?"

முப்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். ஆமாம்மா, அதேதான்.

ஏப்ரல் 28, திங்கள்

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, நாலாவது மருந்தும் ஏறியது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் முன்னும் பின்னும் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுகிறார்கள். வீட்டிலும் மணிக்கொரு குவளை தண்ணீர் கொடுக்கிறேன்.

மே 5, திங்கள்

ஐந்தாவதும் ஆயிற்று. காத்திருந்தபோது, மருந்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். "எனக்குக் கருப்பை வாய்ல புற்றுநோய்" என்று தொடங்கி, பட்டைக் கதையையும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து உள்கதிர் சிகிச்சை, கட்டிக்குப் பக்கத்திலேயே உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர். எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நாட்காட்டியில் ஜூன் 1ஐ வட்டமிட்டிருக்கிறேன்.