மெக்கானிக்கலிலிருந்து ஸ்டீல் டிசைனுக்கு: பலம் மட்டும் பார்த்தால் போதாது

விசை, மொமென்ட், ஈல்டு ஸ்ட்ரெஸ் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) எல்லாம் மெக்கானிக்கல்காரர்களுக்குப் பழகியவைதான். இருந்தும் ஸ்டீல் ஸ்ட்ரக்சருக்கு வரும்போது பலர் தடுமாறுவது பக்ளிங்கில், அதாவது அமுக்கும் சுமையில் மெம்பர் பக்கவாட்டில் வளைந்துவிடுவதில். பாகத்தின் ஒரு புள்ளியில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று தேடிப் பழகிய கண், அந்த மெம்பர் எத்தனை மீட்டருக்குப் பிடிமானமில்லாமல் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

50×50×6 மி.மீ. ஆங்கிளை (எல் வடிவ எஃகு) எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 568 சதுர மி.மீ., ஈல்டு 250 எம்பிஏ. பெருக்கினால் 142 கிலோநியூட்டன். அதையே 2 மீட்டர் நீளத்தில், இரு முனையும் பின் (சுழலக்கூடியது) என்று வைத்து அமுக்கினால், பக்ளிங் சுமையைத் தரும் ஆய்லர் சூத்திரப்படி சுமார் 26 கிலோநியூட்டனிலேயே வளைந்துவிடும். ஆங்கிளின் ஒரு காலில் (எல்லின் ஒரு பக்கத்தில்) மட்டும் போல்ட் போட்டால் சுமை மையம் விலகுவதால் இன்னும் குறையும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, எக்ஸ் அச்சின் 15.1 மி.மீ. ஆரத்தை (ரேடியஸ் ஆஃப் ஜைரேஷன், பரப்பு அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு) போடுவது. ஆங்கிள் வளைவது மிகச் சிறிய ஆரம் உள்ள சாய்ந்த அச்சில், அங்கே 9.6 மி.மீ. தான். தவறான ஆரத்தில் 64 கிலோநியூட்டன் என்று விடை வரும். ஸ்லெண்டர்னஸ் (நீளம் ÷ ஆரம்) 208 என்பதால், டெட் லோடும் (சொந்த எடை) லைவ் லோடும் (பயன்பாட்டுச் சுமை) அமுக்கும் மெம்பருக்கு, ஸ்டீல் டிசைனுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 800 தரும் 180 என்ற வரம்பையே இது தாண்டிவிடுகிறது.

பீமிலும் இதே கேள்விதான். கூரை ராஃப்டரின் (கூரையைத் தாங்கும் சாய்வான பீம்) நடுப்பகுதியில், சொந்த எடையால் அமுக்கம் வருவது மேல் ஃபிளேஞ்சில் (ஐ வடிவ பீமின் மேல் தகடு). அதைப் பர்லின்கள் (ராஃப்டர்களுக்குக் குறுக்கே போய்க் கூரைத் தகட்டைத் தாங்கும் சட்டங்கள்) பிடித்திருக்கும். காற்று கூரையை மேலே தூக்கும்போது அமுக்கம் கீழ் ஃபிளேஞ்சுக்கு மாறுகிறது, அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. பர்லினிலிருந்து கீழ் ஃபிளேஞ்சுக்குச் சாய்வாக ஃப்ளை பிரேஸ் என்னும் சிறு கம்பி போடுவது இதற்காகத்தான்.

சாஃப்ட்வேரை நம்பும் முன் ஒன்றைப் பாருங்கள். 6 மீட்டர் தூணை நோடு (மாடலில் இணைப்புப் புள்ளி) வைத்து மூன்றாக உடைத்திருந்தால், பக்ளிங் நீளத்தை நீங்கள் கொடுக்காதவரை பல சாஃப்ட்வேர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் 2 மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். ஆய்லர் சுமை நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் என்பதால், இல்லாத பலம் ஒன்பது மடங்கு வரை கணக்கில் ஏறிவிடும். பச்சை நிறத்தில் 'பாஸ்' என்று வரும், மாடல் தவறாகவே இருக்கும். கூடவே, ஒவ்வொரு லோடு கேஸிலும் தாங்கிகளில் வரும் ரியாக்‌ஷன்களின் கூட்டுத்தொகை நீங்கள் போட்ட மொத்தச் சுமைக்குச் சமமா என்று கையால் சரிபாருங்கள்.

எஃப்இஏ (கணினியில் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஸ்ட்ரெஸ் காணும் முறை) பழக்கத்தில் ஒன்றை விட்டுவிட வேண்டும். போல்ட் ஓட்டையோரம் உச்ச ஸ்ட்ரெஸைக் காட்டும் சிவப்புப் புள்ளிக்குப் பயந்து தகட்டைத் தடிமனாக்காதீர்கள். நிலையான சுமையில், மென் எஃகு அங்கே ஈல்டாகிப் பக்கத்துக்குச் சுமையைப் பகிர்ந்துவிடும். கிரேன் ஓடும் பீமான கிரேன் கர்டர் வேறு கதை: சுழற்சிச் சுமை என்பதால் ஃபட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுவது) பார்ப்பது கட்டாயம், உங்கள் பழைய அனுபவம் அங்கே நேராக உதவும்.

கனெக்‌ஷனுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். எம்20 (20 மி.மீ. விட்ட) போல்டுக்கு ஓட்டை 22 மி.மீ.; ஓட்டை போக மிஞ்சும் நெட் செக்‌ஷன், பிளாக் ஷியர் (போல்ட் குழுவோடு தகட்டுத் துண்டு கிழிந்து வருவது), பிரையிங் (தகடு வளைவதால் போல்டில் கூடும் இழுவிசை) மூன்றையும் தனித்தனியே பாருங்கள். ஃபில்லெட் வெல்டில் (இரு தகடுகளின் மூலையில் போடும் முக்கோண வெல்ட்) வேலை செய்வது அந்த முக்கோணக் காலின் அளவு இல்லை, அதில் 0.7 மடங்கான த்ரோட் (வெல்டின் மிகக் குறுகிய குறுக்களவு).

நுழைவதற்கு எளிய வாசல் பைப் ரேக்கும் (குழாய்களைத் தாங்கும் சட்டகம்) இயந்திரத் தாங்கு மேடைகளும். 50 மீட்டர் குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் 18 மி.மீ. நீளும் என்பதும், 1500 ஆர்பிஎம் மோட்டாரின் 25 ஹெர்ட்ஸிலிருந்து மேடையின் இயல்பதிர்வெண் விலகி இருக்க வேண்டும் என்பதும் மெக்கானிக்கல்காரர் உடனே கேட்கும் கேள்விகள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் டிசைன் அணியில் கட்டாயம் வேண்டும்.