பழைய கேட்டமரனுக்கு டாக்ஹவுஸ்: கூரை ஏறிடுச்சு, கண்ணாடி பாக்கி

நம்ம படகு 37 அடி ப்ரௌட் ஸ்னோகூஸ், ரெட்டை உடம்பு வச்ச பாய்மரப் படகு (கேட்டமரன்), இங்கிலாந்துல கேன்வி தீவுல கட்டினது, வயசு நாப்பதைத் தாண்டிடுச்சு. ஹல், அதாவது படகோட உடம்பு, இன்னும் கல்லு மாதிரி இருக்கு, ஆனா ஸ்டியரிங் பிடிச்சு உக்கார்ற காக்பிட் மொட்டையா திறந்து கிடக்கு. துறைமுகத்துல இருந்து காலைல கிளம்பினா பத்து மணிக்கெல்லாம் மண்டை காயுது, ஸ்டியரிங் பிடிக்க ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். துணிப் பந்தல் கட்டிப் பார்த்தாச்சு, காத்து கொஞ்சம் ஏறினா படபடன்னு அடிச்சு தையல் விட்டுடுது. அதான் காக்பிட்டோட முன்பாதிய மூடற மாதிரி கெட்டியா ஒரு டாக்ஹவுஸ், அதாவது கூரையும் கண்ணாடியும் வச்ச மறைப்பு, போட்டுடலாம்னு இறங்கினேன்.

நான் பார்த்த பிளான் எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க போட்டது. மூணு பக்கமும் கண்ணாடி, எல்லாம் சீல், உள்ள உக்காந்தா கதகதப்பு. அந்தக் கதகதப்பு நமக்கு எதுக்கு, கத்திரி வெயில்ல அதுக்குள்ள உக்காந்தா வெந்துடுவோம். அதனால முன் கண்ணாடி மேல கீல் வச்சு வெளிப்பக்கமா தூக்கற மாதிரி, பின்பக்கம் முழுசா திறப்பு. மதியம் கடல்காத்து வந்தா முன்னால நுழைஞ்சு பின்னால போயிடணும், அவ்ளோதான் டிசைன்.

இந்தப் படகுல பாய்மரம் ரொம்பப் பின்னால, காக்பிட் முன்சுவர்லயே நிக்குது. அங்க தான் சிக்கலே. கூரைய மரத்துக்கிட்ட வரைக்கும் இழுத்தா மழை ஒழுகாது, ஆனா மரத்துல இருக்கற வின்ச்சுக்கு (கயிறை இழுக்கற உருளை) கை எட்டாது, பாயைச் சுருக்கணும்னா டெக்குக்கு தான் ஓடணும். காக்பிட்ல இருந்தபடியே பாயைச் சுருக்கலாம்ங்கறது தானே இந்தப் படகோட பெருமை, அதை எப்படி விட முடியும்! மரத்துக்கு நேரா கூரைல மூடி வச்ச ஒரு திறப்பு, ஹேட்ச், வெட்டிட்டேன். உயரமும் நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது, மேல பாயோட அடிக்கட்டை, பூம், போகுது. அட்டைப் பெட்டியையும் ரீப்பரையும் வச்சு ஒரு டம்மி கட்டி, நின்னா கூரைக்கு மேல பார்வை போகுதா, உக்காந்தா கண்ணாடி வழியா தெரியுதான்னு வீட்ல இருக்கற குட்டை நெட்டை எல்லாரையும் நிறுத்திப் பார்த்து தான் அளவு முடிவாச்சு.

ஆசாரி அண்ணன் முதல் நாள் ரசமட்டத்தோட வந்தார். மிதக்கற படகுல அது என்னத்தைக் காட்டும், ஒரு ஆள் இந்தப் பக்கம் நகர்ந்தா குமிழி அந்தப் பக்கம் ஓடுது. "என்ன சார் இது, வீடே ஆடுது"ன்னார். அப்புறம் நடுவுல நூல் கட்டி, ரெண்டு பக்கமும் மூலைக்கு மூலை அளந்து தான் சதுரம் பிடிச்சோம்.

பலகை சென்னை சிடன்ஹாம்ஸ் ரோட்ல வாங்கினது, ஐஎஸ் 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தர எண்) முத்திரை போட்ட மரைன் பிளைவுட். முத்திரை யார் வேணா குத்தலாம், அதனால ஒரு துண்டு வெட்டி சாயங்காலம் வரைக்கும் கொதிக்க வச்சுப் பார்த்தேன், பிரியல. எட்டுக்கு நாலு 12 மிமீ பலகை ஒண்ணே இருபது கிலோவுக்கு மேல வரும், கேட்டமரனுக்கு வெயிட் ஆகவே ஆகாது, அதனால கூரைக்கு 4 மிமீ ரெண்டு அடுக்கு, வளைஞ்ச சட்டத்து மேல வச்சு நடுவுல எபாக்ஸி (ரெண்டு திரவத்தைக் கலந்தா இறுகற பசை) பூசி ஒட்டினது. வளைவு இருக்கறதால மெலிசா இருந்தாலும் ஆள் ஏறி நின்னா அசையல.

எபாக்ஸிக்கு நம்ம ஊர் வெயில் எமன். மெதுவா இறுக வைக்கற ஸ்லோ ஹார்ட்னர் தான் போட்டேன், அப்பவும் கப்புல விட்டு வச்சா சூடேறி புகையுது. கலந்த உடனே அகலமான தட்டுல ஊத்திடணும், விடிகாலைலயே வேலைய முடிச்சுடணும். காசிமேட்ல ஃபைபர் போட்டு வேலை பண்ற அண்ணன் கூட இருந்து ஃபைபர் துணி விரிச்சுக் கொடுத்தார், அவர் கை வேகம் தனி. இன்னொண்ணு, ஈரக் காத்துல காய்ஞ்ச எபாக்ஸி மேல மெழுகு மாதிரி பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா இன்னும் உள்ள அப்பும். முதல்ல தண்ணியும் ஸ்க்ரப்பரும் வச்சுக் கழுவி, காய்ஞ்சப்புறம் தான் தேய்க்கணும்.

போல்ட் ஓட்டையெல்லாம் பெருசா துளைச்சு, எபாக்ஸில பவுடர் கலந்து அடைச்சு, அது நடுவுல மறுபடி சரியான அளவுல துளைச்சேன். சலிப்பான வேலை தான், ஆனா தண்ணி பலகையோட வெட்டு முனைய தொடவே கூடாது. பெயின்ட் வெள்ளை தான், அடர்த்தி கலர் அடிச்சா வெயில்ல எபாக்ஸியே இளகும்.

பாக்கி கண்ணாடி. பாலிகார்பனேட் அளவுக்கு சீக்கிரம் கீறல் விழாதுன்னு அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் எடுத்திருக்கேன். 1 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு கிட்டத்தட்ட 3 மிமீ நீளும், அதனால சுத்தி இடைவெளி விட்டு ரப்பர் மாதிரி இழுபடற பியூட்டைல் டேப்ல தான் உக்காரும். கூலிங் ஷீட் ஒட்டச் சொல்றாங்க, முன் கண்ணாடிக்கு மட்டும் மாட்டேன், ராத்திரி சின்ன லைட்டோட நிக்கற மீன்பிடி படகு அப்புறம் கண்ணுக்கே தெரியாது. பாய்மரத்துக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கற சந்துக்கு கேன்வாஸ் பாவாடை ஒண்ணு தைக்கக் கொடுத்திருக்கேன், அக்டோபர் மழைக்குள்ள வந்தா சரி.